வெறும் வானம் என்று குறித்த இடம்

கிரிதரன் முடித்ததும் அவள் முறை. கருத்தரங்குக் கூடத்தின் கடைசி வரிசைக்கு முந்தின வரிசையில், ஏசியின் வாய் நேராகத் தலைக்கு மேல் இருக்கிற நாற்காலியில் மங்கையர்க்கரசி உட்கார்ந்திருந்தாள். இடம் மாறியிருக்கலாம். பக்கத்து நாற்காலிகள் காலியாகத்தான் கிடந்தன. ஆனால் எழுந்தால் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள், பார்த்தால் பதிலுக்குச் சிரிக்க வேண்டும், சிரித்தால் "என்ன மங்கை, ரெடியா?" என்று கேட்பார்கள், அதற்கு ஏதாவது சொல்ல வேண்டும். அதனால் குளிர் உச்சந்தலையில் இறங்கி, காதுக்குப் பின்னால் வழிந்து, கழுத்துக்குள் போவதை அப்படியே விட்டுவிட்டு மேடையைப் பார்த்தாள். கிரிதரன் எப்போதும்போல ஒரு கையைப் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டு பேசினான். அவளுக்கு மூத்தவன், அதே ஆய்வகம், மேடை என்றால் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. "சயனைடுன்னதும் பயந்துடாதீங்க, நம்ம கேன்டீன் சாம்பார்ல இருக்கிற அளவுகூட இல்ல" என்றான். கூடம் சிரித்தது. முன்வரிசையில் அருளானந்தம் சாரின் வழுக்கை சிரிப்பில் குலுங்கியது. அவளுடைய நெறியாளர். அவருக்குப் பக்கத்தில் பூனேயிலிருந்து வந்திருக்கும் சுலோசனா மேடம். மேடம் கொண்டை போட்டு அதில் கறுப்புக் கிளிப் ஒன்றைச் செருகியிருந்தார். கிளிப்புக்கு அடங்காத சின்ன முடிகள் பின்கழுத்தில் சுருண்டு கிடந்தன. அந்தப் பின்கழுத்தைப் பார்க்கக் கூடாது என்று மங்கை வந்து உட்கார்ந்ததுமே முடிவு செய்திருந்தாள். மேடத்துக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அக்காவுக்கு அவ்வளவு வயது ஆகியிருக்காது. தெரிந்தும் கண் அங்கேதான் போகிறது, நாக்கு பல்வலியிடம் போவதுபோல. இப்படித்தான் தாம்பரம் ரயிலில் ஒரு பின்கழுத்து, துணிக்கடை வரிசையில் ஒரு பின்கழுத்து, பாங்கில் ஒன்று. திரும்பும்வரை அக்கா. திரும்பினதும் யாரோ. அவளுடைய வலது கை தானாக எழுந்து இடது தோளில் எதையோ தட்டிவிட்டது. தோளில் ஒன்றும் இல்லை. அக்காவை நினைக்கிற நேரமா இது? நினைக்க வேண்டியது பள்ளத்தை. இன்றைக்குக் காலையில் அந்தப் பள்ளம் காணாமல் போயிருந்தது.

காணாமல் போனது என்றுகூடச் சொல்ல முடியாது. சில மணிகளில் இருந்தது, சில மணிகளில் இல்லை. அதுதான் பயம். முழுக்கவே இல்லாமல் போயிருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும். அவர்கள் பார்ப்பது ஒரே ஒரு கேலக்ஸியை. நடுவில் பெரிய கருந்துளை ஒன்று. சும்மா கிடக்கிற கருந்துளை அல்ல, சுற்றி இருக்கிறதையெல்லாம் இழுத்துத் தின்று கொதிக்கிற ஜாதி. அந்தக் கொதிப்பு பக்கத்திலுள்ள வாயுவை என்ன செய்கிறது, எவ்வளவு சூடாக்குகிறது, எவ்வளவு நெரிக்கிறது, எந்த மூலக்கூறை உடைத்து எதைச் சமைக்கிறது என்பதுதான் இந்த ஆய்வகத்தின் வேலை. நேரில் போய்த் தொட்டுப் பார்க்கவா முடியும்? மூலக்கூறுகள் ரேடியோ அலையில் தங்கள் தங்கள் இடத்தில் ஒரு கோடு போடும், வரைபடத்தில் ஒரு மேடு மாதிரி. கார்பன் மோனாக்சைடின் மேடு, வாயு எவ்வளவு என்று சொல்லும். ஹைட்ரஜன் சயனைடின் மேடு, அதில் நெருக்கமாகக் கிடப்பது எவ்வளவு என்று சொல்லும். இரண்டையும் ஒப்பிட்டால் அங்கே அடுப்பை மூட்டியது நட்சத்திரங்களா கருந்துளையா என்று ஓரளவு ஊகிக்கலாம். மங்கையின் கார்பன் மோனாக்சைடு மேட்டில், நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி, கத்தியால் நறுக்கினதுபோல ஒரு பள்ளம் இருந்தது. அந்தப் பள்ளத்தைப் பார்த்த அன்று அருளானந்தம் சார் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். குளிர்ந்த வாயு கருந்துளைக்கு முன்னால் நின்று, நம்மை விட்டு விலகி, உள்ளே விழுந்துகொண்டிருந்தால்தான் அந்த இடத்தில் அப்படிப் பள்ளம் வரும். தீனி வாய்க்குள் போவதை நேராகப் பார்ப்பது. மறுநாள் மைசூர்பாகு வாங்கிவந்து ஆய்வகத்தில் எல்லோருக்கும் கொடுத்தார். "ஏம்மா, நீ வாயே திறக்க மாட்ட. உன் கேலக்ஸி பார், என்னமா பேசுது!" மங்கை தலையைக் குனிந்துகொண்டு மைசூர்பாகைத் தின்றாள். நெய் தொண்டையில் ஒட்டியது.

சந்தேகம் வந்தது சயனைடால்தான். உள்ளே விழுகிற வாயு நெருக்கமான வாயு. அப்படியானால் சயனைடு மேட்டிலும் பள்ளம் இருக்க வேண்டும். இல்லை. மழுமழுவென்று இருந்தது. கிரிதரனிடம் கேட்டபோது அவன் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "எக்ஸ்-கதிர் உடைச்சிருக்கும். அதுக்கு ஒரு மாடல் போட்டுடலாம், கவலைய விடு." போட்டும்விட்டான். அதைத்தான் மேடையில் இப்போது காட்டிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு எதற்கும் ஒரு மாடல் உண்டு. அவளுக்குத்தான் மழுமழுவென்று இருந்த அந்த இடம் தூக்கத்திலும் உறுத்தியது. நேற்று ஒரு வேலை செய்தாள். இதுவரை எல்லா மணிகளிலும் எடுத்ததை ஒன்றாகக் கூட்டிச் சராசரி பார்த்துத்தான் வழக்கம். அதை மணி மணியாகப் பிரித்துப் போடச் சொல்லிக் கணினியை ஓடவிட்டுவிட்டுப் படுத்தாள். காலையில் பல் துலக்கின வாயோடு வந்து பார்த்தாள். முதல் மணியில் பள்ளம் ஆழமாக இருந்தது. அடுத்ததில் கொஞ்சம் தூர்ந்திருந்தது. அதற்கடுத்ததில் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. வேறு நாளில் எடுத்ததைப் பிரித்தாள். அதே மணியில் இருந்தது, அதே மணியில் மறைந்தது. நேரம் பார்த்து வந்து நேரம் பார்த்துப் போகிற ஒன்று. நம் ஊரின் மணி அந்தக் கருந்துளைக்கு எப்படித் தெரியும்? கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் புறப்பட்ட அலை, ஒரு மலைமேல் தொலைநோக்கி திரும்புகிற நேரத்தைப் பார்த்தா பள்ளத்தைப் போடும்? இரைச்சல் இல்லாத அறையில் யாரோ பின்னால் நின்று திரையைப் பார்ப்பதுபோல இருந்தது. திரும்பவில்லை. திரும்பினால் யாரும் இருக்க மாட்டார்கள் என்று தெரியும். யாரும் இல்லாததைப் பார்க்கத்தான் பயம். கேன்டீனில் தோழி ஷமீமா பொங்கலிலிருந்து மிளகைப் பொறுக்கி ஓரம் வைத்தபடி கேட்டாள், "என்னடி, பேயறைஞ்ச மாதிரி இருக்க?" "ஒண்ணுமில்ல." "உன் ஒண்ணுமில்லைய நான் இன்னைக்கா பாக்குறேன். மேடை பயமா?" "ம்." "யாரு என்ன கேட்டாலும் குட் கொஸ்டின்னு சொல்லிட்டு தண்ணி குடி. பாட்டில் காலியாகுறதுக்குள்ள டைம் முடிஞ்சிரும்." மங்கை சிரித்தாள், அல்லது சிரித்ததாக ஷமீமா எடுத்துக்கொண்டாள். சொல்லியிருக்கலாம் அப்போதே. ஷமீமா கீழக்கரைக்காரி, வாய்தான் நீளம், மனசு தங்கம். சொன்னால் உடனே நம்பிவிடுவாள். நம்பினால் அது உண்மையாகிவிடும். ஒருத்திக்கு மட்டும் தெரிந்திருக்கிறவரை அது பேய். இரண்டு பேருக்குத் தெரிந்தால் தப்பு.

தப்பு எங்கே என்று பொங்கல் ஆறுவதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்தபிறகுதான் கை தோளுக்குப் போக ஆரம்பித்தது. தொலைநோக்கி கேலக்ஸியை மட்டும் பார்த்தால் போதாது. காற்றின் ஈரம், கண்ணாடியின் சூடு, கருவியின் சொந்த முனகல் எல்லாம் சேர்ந்து ஒரே இரைச்சலாக இருக்கும். அதனால் அது கேலக்ஸியை ஒரு கணம் பார்க்கும். அப்புறம் கண்ணைப் பக்கவாட்டில் திருப்பி, ஒன்றுமே இல்லாத வெறும் வானத்தை ஒரு கணம் பார்க்கும். முதலில் பார்த்ததிலிருந்து இதைக் கழித்தால் இரைச்சல் போய்க் கேலக்ஸி மட்டும் மிஞ்சும். முதலாவதற்கு ஆன் என்று பெயர், இரண்டாவதற்கு ஆஃப். எவ்வளவு தூரம் கண்ணைத் திருப்ப வேண்டும், எது வெறும் வானம் என்று சொல்வது ஆளின் வேலை. அந்த ஆள் மங்கை. கேலக்ஸியின் படத்தைத் திரையில் வைத்து, நட்சத்திர வெளிச்சம் எங்கே முடிகிறதோ அதற்குக் கொஞ்சம் அப்பால், கறுப்பாக இருந்த இடத்தைக் காட்டி இங்கே என்று அவள்தான் குறித்தாள். தூரத்தைக் குறைவாக வைத்தால் கோடு சுத்தமாக வரும் என்று கற்றுக்கொடுத்திருந்தார்கள். சுத்தமாகத்தான் வந்தது. ஆனால் தொலைநோக்கிக்குப் பக்கவாட்டில் மட்டும்தான் கண்ணைத் திருப்பத் தெரியும். வானமோ சுழன்றுகொண்டே இருக்கிறது. எனவே மணிக்கு மணி அந்த வெறும் இடம் கேலக்ஸியைச் சுற்றி நகர்ந்தது. நகர்ந்து நகர்ந்து, சில மணிகளில், கேலக்ஸியின் ஒரு பக்கத்துக் கையில் போய் விழுந்தது. வெளிச்சம் முடிந்த பிறகும் நீண்டு கிடக்கும் கை. நட்சத்திரம் இல்லாத, படத்தில் விழாத, சயனைடு காட்டும் அளவுக்கு நெருக்கமில்லாத, குளிர்ந்த வாயு. தொலைநோக்கி அதைப் பார்த்தது. பார்த்ததை இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு, சொன்ன சொல் தவறாமல், கேலக்ஸியிலிருந்து கழித்தது. கழித்த அளவுக்குப் பள்ளம். கருந்துளைக்குள் எதுவும் விழவில்லை. விழுந்ததாக நினைத்தது, ஒன்றுமில்லை என்று ஒதுக்கின இடத்தில் இருந்த ஒன்றின் நிழல்.

ஒன்றுமில்லை என்று ஒதுக்குவது அவளுக்குப் புதிதா? அதை அவள் பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே படித்தாயிற்று. சங்கரன்கோவிலில் உரக்கடை வைத்திருக்கும் அப்பா, இரண்டு பெண்களுக்கும் புராணத்திலிருந்து பெயர் எடுத்து வைத்தார். மூத்தவள் திலகவதி, இளையவள் மங்கையர்க்கரசி. திலகா லாரி பட்டறையில் வேலை பார்த்த ஒருவனோடு போனாள். வேறு ஜாதி. எந்த ஜாதி என்றுகூட அப்பா வாயால் சொல்லவில்லை. கடையை மூடிவிட்டு வந்து, சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, "தலை முழுகணும், தண்ணி எடுத்து வைங்க" என்றார். ஏதோ இழவுக்குப் போய்வந்தவர் மாதிரி. அம்மா அண்டாவை நிரப்பினாள். பின்கட்டில் முதலில் அப்பா முழுகினார். அப்புறம் அம்மா, சேலையோடு. அப்புறம், "ஏட்டி, வா" என்றாள் அம்மா. மங்கை பாவாடையோடு போய்க் குந்தினாள். முதல் செம்பு உச்சந்தலையில் இறங்கி, காதுக்குப் பின்னால் வழிந்து, கழுத்துக்குள் போனது. மார்கழி மாதம், பல் கிட்டியது. "சோப்பு போட்டுக்கோ" என்றாள் அம்மா, வேறு என்ன சொல்வது என்று தெரியாதவள்போல. பச்சை சோப்பு டப்பா அக்காவுடையது. வேறு சோப்பு அங்கே இல்லை. எடுத்துத் தேய்த்தாள். சோப்பில் ஒரு நீள முடி ஒட்டியிருந்தது. காலையில் குளித்துவிட்டுப் போனவளின் முடி. அது நுரையோடு நழுவி இடது தோளில் ஒட்டிக்கொண்டது. அப்பாவும் அம்மாவும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா செத்துப்போனதாக வைத்துக் குளிக்கும்போது அக்காவின் முடி தோளில் ஒட்டியிருக்கிறது என்று யாரிடம் சொல்வது? அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அம்மா ஊற்றினாள். போகவில்லை. மறுபடி ஊற்றினாள். எப்போது போயிற்று, போயிற்றா என்று இன்றுவரை தெரியாது. அன்று மாலையே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்: யாராவது கேட்டால் ஒரே பொண்ணு. டீச்சர் கேட்டார், ஒரே பொண்ணு. கல்லூரி விடுதியில் கேட்டார்கள், ஒரே பொண்ணு. போன மாதம் தூத்துக்குடியிலிருந்து பெண் பார்க்க வந்த அம்மாள், காபி டம்ளரை ஊதிக்கொண்டே, "கூடப் பொறந்தவங்க யாருமில்லையாம்மா?" என்றாள். நாக்கு தயங்கவே இல்லை. "இல்லங்க." கோடு சுத்தமாக வந்தது.

"இப்ப இந்தக் கணக்குக்கெல்லாம் ஆதாரம் நம்ம மங்கையோட டேட்டாதான்" என்றான் கிரிதரன். திரையில் அவளுடைய நிறமாலை. யாரோ மெல்லத் துணியை விலக்கி அவள் முதுகைக் காட்டினதுபோல இருந்தது. எவ்வளவு பெரிதாகப் போட்டிருக்கிறான். மேடு, மேட்டில் பள்ளம், பள்ளத்துக்குள் சிவப்பு அம்பு. "பாத்தீங்கல்ல? இதுதான் தீனி." கூடத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது, நல்ல மாதிரி முணுமுணுப்பு. அருளானந்தம் சார் நாற்காலியில் திரும்பி அவளைத் தேடிக் கண்டுபிடித்துக் கட்டைவிரலை உயர்த்தினார். அவரோடு சேர்ந்து சுலோசனா மேடமும் திரும்பினார். மூக்குக்கண்ணாடி, அகன்ற நெற்றி, யாரோ. மேடம் தலையசைத்தார், மங்கையும் அசைத்தாள். இவர்தான் அயல் தேர்வாளராக வரப்போகிறவர் என்று பேச்சு. இவருக்குப் பிடித்துவிட்டால் ஆய்வேடு முடிந்த மாதிரி. பேப்பர் இன்று மாலை ஆய்விதழுக்குப் போகிறது; சார் நேற்றே சொல்லிவிட்டார். பேப்பர் போனால் ஆய்வேட்டைக் கட்டலாம், வெளிநாட்டில் ஒரு இடத்துக்கு எழுதிப்போடலாம். போகாவிட்டால்? உதவித்தொகை ஆடி மாதத்தோடு நிற்கிறது. இன்னொரு முறை தொலைநோக்கி நேரம் கேட்டு, கிடைத்து, பார்த்து, கணக்குப்போட ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அந்த ஒரு வருடம் அவளிடம் கிடையாது. அப்பா போனில் சொன்னார், "இந்த வருசத்தோட படிப்பு போதும். தூத்துக்குடிக்காரங்க காத்திருக்க மாட்டாங்க." வாயைத் திறந்தால் சங்கரன்கோவில். திறக்காவிட்டால் எங்கேயோ தூரம். எவ்வளவு எளிது. எழுந்து போய், ஏற்கெனவே தயார் செய்த படங்களைக் காட்டி, ஏற்கெனவே மனப்பாடம் செய்த வாக்கியங்களைச் சொல்லி, தண்ணீர் குடித்துவிட்டு இறங்கிவிடலாம். யார் மணி மணியாகப் பிரித்துப் பார்க்கப்போகிறார்கள்? அவள் பிரித்ததே தற்செயல். கிரிதரன் இப்போது ஒரு வருடத்துக்கு எத்தனை சூரியன் அளவு வாயு உள்ளே விழுகிறது என்று கணக்குக் காட்டுகிறான். விழாத வாயுவின் எடை. அதை நம்பி இன்னொருவன் அடுத்த கணக்கைப் போடுவான், அவனை நம்பி இன்னொருத்தி. பள்ளம் வளரும். அதற்குச் சோறு போட்டு வளர்க்க நிறையப் பேர் வருவார்கள். அவள் மட்டும் எந்த ஊரில், எந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தாலும், எந்த மணியில் அது வரும், எந்த மணியில் போகும் என்று தெரிந்தவளாக உட்கார்ந்திருப்பாள்.

சொல்ல முயலவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. காலையில் சாரின் அறை வாசலில் போய் நின்றாள். அவர் போனில் இருந்தார், உள்ளே வா என்று கையைக் காட்டினார், போனை மூடிக்கொண்டு, "சொல்லும்மா" என்றார். "சார், அந்தப் பள்ளம்..." "பள்ளம் பிரமாதம். அந்தப் படத்துல ஒரு நிமிஷம் நின்னு மூச்சு வாங்கிட்டு அப்புறம் பேசு. ஜனங்க பாக்கட்டும்." "இல்ல சார், ஒரு விஷயம்..." "டென்ஷன் ஆகாத. பேசினப்புறம் எல்லாம் பேசிக்கலாம்." மறுபடி போனைக் காதில் வைத்துவிட்டார். நல்லவர். அவளை ஒரு தடவைகூடச் சத்தம்போட்டுத் திட்டியதில்லை. அதனாலேயே அவள் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தாள். இப்போது பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்க்காமலே தெரியும், அம்மா. இந்த நேரத்துக்குக் கூப்பிடுவாள். எடுத்தால், "சாப்ட்டியா?" என்பாள். "சாப்ட்டேன்மா." ஒரு இடைவெளி விட்டு, கொஞ்சம் தணிந்த குரலில், பதிலே கேட்காதவள்போல இன்னொரு முறை, "சாப்ட்டியாட்டி?" முதலில் அம்மாவுக்குக் காது மந்தமாகிவிட்டது என்றுதான் நினைத்தாள். வேறு எதையும் அம்மா இரண்டு முறை கேட்பதில்லை; இதை மட்டும், முன்பு இரண்டு பெண்களிடம் கேட்டதுபோல. ஒருமுறை ஊரில் இருந்தபோது வீட்டு போன் அடித்தது. அம்மா ரசத்தை அடுப்பில் விட்டுவிட்டு வந்து எடுத்தாள். ஹலோ சொன்னாள். அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. வைக்கவும் இல்லை. கரண்டி கையிலேயே இருந்தது, அதிலிருந்து ரசம் தரையில் சொட்டியது. ரொம்ப நேரம். அடுப்பில் பொங்கி வழிகிற சத்தம் கேட்டது, அம்மாவுக்குக் கேட்கவில்லை. வைத்துவிட்டுத் திரும்பினபோது மங்கை வாசற்படியில் நிற்பதைப் பார்த்தாள். "யாரும்மா?" "யாருமில்ல. ராங் நம்பரு." திரும்பி அடுப்படிக்குப் போய், வழிந்ததைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி. அந்த ராங் நம்பர் அவ்வளவு நேரம் என்ன சொல்லியிருக்கும்? பேசியிருக்குமா, மூச்சு மட்டுமா? குழந்தை அழுகிற சத்தம் இருந்திருக்குமா? அக்காவைத் திருப்பூரில் பார்த்ததாக ஒருத்தர், ஈரோட்டில் ஆஸ்பத்திரியில் பார்த்ததாக ஒருத்தர். எதுவும் இல்லாமலும் இருக்கலாம். ஒரு ஆள் இருக்கிறாளா இல்லையா என்று தெரியாமலே அவளைக் கழித்துக்கொண்டே இருக்கிற வீடு. கழித்த பிறகு மிஞ்சுகிற அப்பாவும் அம்மாவும் மங்கையும்தான் குடும்பம் என்று எல்லோருக்கும் தெரிகிறது. மூன்று பேர் முகத்திலும் ஒரே இடத்தில் இருக்கிற பள்ளத்துக்கு ஊரில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். கடையில் நஷ்டம் என்கிறார்கள். ஆண்பிள்ளை இல்லாத குறை என்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு மாடல் இருக்கிறது.

கைதட்டல். கிரிதரன் இறங்குகிறான். "மங்கையர்க்கரசி" என்று யாரோ முழுப்பெயரையும் கூப்பிட்டார்கள். எழுந்தாள். நடக்கும்போது ஷமீமா நடைவழி ஓரத்து நாற்காலியிலிருந்து கையை நீட்டி அவள் துப்பட்டாவின் மடிப்பைச் சரிசெய்து, "தண்ணி, ஞாபகம் வச்சுக்கோ" என்றாள். மேடையில் ஏறுகிறவரை பழைய படங்களைத்தான் காட்டப்போகிறோம் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. மடிக்கணினியைத் திறந்தாள். பழைய படங்கள் திரையில் வந்தன: தலைப்பு, பெயர்கள், முதலில் அவள் பெயர். மைக் அவள் மூச்சைப் பெரிதாக்கி அவளுக்கே திருப்பிக் கொடுத்தது. தயார் செய்திருந்த முதல் வாக்கியம் ஆங்கிலத்தில் இருந்தது, நல்ல வாக்கியம், சார் திருத்திக் கொடுத்தது. வாயைத் திறந்தாள். அது வரவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். இன்னும் கொஞ்சம் நேரம் அது வராமல் இருந்தால் பயத்தில் மயங்கிவிட்டாள் என்று நினைப்பார்கள், யாராவது தண்ணீர் கொண்டுவருவார்கள், அப்படியே தப்பித்துவிடலாம். "கிரி காட்டின அந்தப் பள்ளம்" என்று ஒரு குரல் கேட்டது, தமிழில், அவளுடையதுதான், "அது கேலக்ஸில இல்ல." "சத்தமா" என்றார்கள் பின்னாலிருந்து. "அது கேலக்ஸில இல்ல. கருந்துளைக்குள்ள எதுவும் விழல. இன்னைக்குக் காலைலதான் தெரிஞ்சுது. ஆஃப் தப்பு. இடத்தைக் குறிச்சது நான்." ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. கிரிதரன் கையைப் பேண்ட் பையிலிருந்து எடுத்துவிட்டான். "என்ன மங்கை இது, இப்ப வந்து? நான் அதை வச்சு மொத்த மாடலையும்..." என்று ஆரம்பித்து, நிறுத்தி, சாரைப் பார்த்தான். எல்லோரும் சாரைப் பார்த்தார்கள். அவர் அவளைப் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடி இல்லாத அவர் முகத்தை அவள் பார்த்ததில்லை. வயதான, தூக்கம் கெட்ட முகம். அந்த முகத்தை அப்படி ஆக்கினது நான்தான் என்று நினைத்தபோது, ஓடிப்போய் எல்லாவற்றையும் திருப்பி எடுத்துக்கொண்டுவிட மாட்டோமா என்று இருந்தது. "பேப்பரை இன்னைக்கு அனுப்ப வேண்டாம்" என்றார் மறுபக்கத்தில் இருந்தவரிடம், ஏதோ கடைக்கு ஆள் அனுப்புவதை நிறுத்துவதுபோல. அப்புறம் அவளிடம், சத்தம் உயராமல் கேட்டார்: "நிச்சயமா?" "மணி வாரியாப் பிரிச்சுப் பாத்தேன் சார். சில மணில இருக்கு, சில மணில இல்ல." "அப்ப அந்த ஆஃப்ல என்னம்மா இருக்கு?" நல்ல கேள்வி என்று சொல்லித் தண்ணீர் குடிக்கலாம். பாட்டில் எதிரில்தான் இருந்தது. "வாயு இருக்கு சார். குளிர்ந்த வாயு. எவ்வளவு தூரம் போகுது, எவ்வளவு இருக்கு, எதுவும் தெரியாது. நான் அந்தப் பக்கம் பாக்கவே இல்ல. கழிக்கிறதுக்கு மட்டும்தான் பாத்திருக்கேன்." சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "போடு" என்றார். "பிரிச்சதைப் போடு, பாப்போம்." இன்னும் அவர் குரலில் கோபம் வரவில்லை, வரும், இன்றைக்கோ நாளைக்கோ வரும், அப்பாவின் போனும் வரும். அவள் பழைய படங்களை மூடிவிட்டு, காலையில் தனியாகப் பார்த்ததைத் திறந்து ஓடவிட்டாள். திரையில் மேடு எழுந்தது. மேட்டில் பள்ளம், ஆழமாக. அடுத்த மணியில் தூர்ந்தது. அடுத்ததில் இல்லை. யாரோ மூச்சை உள்ளிழுத்தார்கள். சுலோசனா மேடம் நாற்காலியின் நுனிக்கு வந்து, "இன்னொரு தடவை" என்றார். மங்கை முதலிலிருந்து ஓடவிட்டாள். வந்தது. போனது. வேறு நாளில் எடுத்ததிலும், அதே மணியில், வந்தது. கூடம் முழுவதும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் திரையைப் பார்க்காமல், அதைப் பார்க்கிற முகங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.